கேள்வி பதில்: நாலு போத்தல் மட்டுமே உள்ள இறாக்கையில் நல்ல போர்பன் எது?

சோளத்தைப் பெரும்பங்காகக் கொண்டு அமெரிக்காவில் வடிக்கும் போர்பன் விஸ்கி பற்றித் திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இலங்கையில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பது சட்டவிரோதம். பதில்கள் அந்த வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும்.

கேள்வி (உப்புவெளி வாசகர்): எங்கள் பக்கத்து வைன் ஸ்டோரில் வெளிநாட்டு விஸ்கி என்றால் முக்கால்வாசியும் ஸ்கொட்ச்தான். போர்பன் கேட்டபோது ஜிம் பீம் வெள்ளை லேபல், மேக்கர்ஸ் மார்க், ஜாக் டேனியல்ஸ், 'போர்பன் காஸ்க்' என்று எழுதிய ஒரு ஸ்கொட்ச் என நாலு போத்தலை எடுத்து வைத்தார்கள். எதை வாங்குவது?

பதில்: இந்த நாலில் போர்பன் என்ற பெயருக்கு உரியவை இரண்டுதான்.

முதலில் அந்த ஸ்கொட்ச்சைத் தள்ளி வையுங்கள். போர்பனை உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பாவித்த பீப்பாவில் மறுபடியும் போர்பன் ஊறவைக்க முடியாது. அதனால் ஏறக்குறைய 200 லீற்றர் கொள்ளும் அந்தப் பழைய பீப்பாக்கள் ஸ்கொட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் விலைப்படுகின்றன. 'போர்பன் காஸ்க்' என்றால் அப்படி வாங்கிய பீப்பாவில் ஊறிய ஸ்கொட்ச் என்று பொருள். வனிலா வாசம் கொஞ்சம் ஏறியிருக்கும். நல்ல ஸ்கொட்ச்சாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

ஜாக் டேனியல்ஸ் டென்னசி விஸ்கி. அதிலும் சோளம்தான் பெரும்பங்கு, புது ஓக் பீப்பாதான். ஆனால் வடித்த சாராயத்தைப் பீப்பாவுக்குள் விடுமுன் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். முனை மழுங்கிய மென்மை அதனால்தான் வருகிறது. அந்த நிறுவனம் தன் சரக்கைப் போர்பன் என்று விற்பதில்லை. ருசி பக்கத்துப் பக்கம் என்பதால் உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்குவதில் பிழை ஒன்றுமில்லை.

மிச்சம் ஜிம் பீமும் மேக்கர்ஸ் மார்க்கும். ஜிம் பீம் வெள்ளை லேபல் 40% மதுசாரம். சோளத்தோடு ரை தானியம் சேர்வதால் சிறு காரம் உண்டு. மேக்கர்ஸ் மார்க் 45%. ரைக்குப் பதில் கோதுமை: சோளம் 70, கோதுமை 16, முளைகட்டிய பார்லி 14 என்ற பங்கு. காரம் குறைந்து பாண் வாசமும் இனிப்பும் முன்னுக்கு வரும். ஐஸும் ஜிஞ்சர் பியரும் விட்டுக் குடிப்பதென்றால் ஜிம் பீம் தாராளம். கூடுதல் காசு அங்கே வீண். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்க விரும்பினால் மேக்கர்ஸ் மார்க்கை எடுங்கள். அந்த 5% வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் ஐஸ் உருகிய பிறகும் ருசி தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

விலையை ஒப்பிடும்போது போத்தலின் கொள்ளளவையும் பாருங்கள். 700 மி.லீ. போத்தலில் 30 மி.லீ. அளவு 23 தடவை வரும், 750இல் 25, ஒரு லீற்றரில் 33. விலையை அந்த எண்ணால் பிரித்தால் எது மலிவு என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சீசன் காலத்தில் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் பார்களில் ஒரு 'ஷொட்' வாங்கி ருசித்துப் பார்த்துவிட்டு முழுப் போத்தலுக்குப் போகலாம். ஊற்றுமுன் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். அடியில் ஒரு விரல் மட்டும் நிற்கும் போத்தலை வைத்து அந்த விஸ்கியை எடை போட வேண்டாம். அது திறந்து பல மாதமாகியிருக்கலாம்.

கேள்வி (சாம்பல்தீவு வாசகர்): லேபலில் ஸ்ட்ரெயிட், ஸ்மோல் பாச், பொட்டில்ட் இன் பொண்ட் என்று என்னென்னவோ இருக்கிறது. எதை நம்பலாம்?

பதில்: இவற்றில் சில சொற்களுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. சிலவற்றுக்குப் பின்னால் விளம்பரம் மட்டுமே. தெரிவு குறைந்த ஊரில் இருப்பவருக்கு இதைப் பிரித்தறிவதுதான் பெரிய உதவி. பெயரே கேள்விப்படாத போத்தல் ஒன்று கடைக்கு வந்தாலும் லேபலை வைத்தே முடிவெடுக்கலாம்.

வெறும் 'போர்பன்' என்ற சொல்லுக்கே விதி இருக்கிறது. அமெரிக்காவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். கென்டக்கிதான் என்றில்லை, எந்த மாநிலமும் ஆகலாம். தானியக் கலவையில் சோளம் 51%க்குக் குறையக்கூடாது. வடிக்கும்போது மதுசாரம் 80%ஐத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் போனால் தானியத்தின் ருசி கழன்று வெறும் மதுசாரம்தான் மிஞ்சும். பீப்பாவில் ஊற்றும்போது 62.5%க்கு மேல் இருக்கக்கூடாது, போத்தலில் 40%க்குக் கீழே போகக்கூடாது.

'ஸ்ட்ரெயிட்' என்றால் குறைந்தது 2 வருடம் ஊறியது. நிறமோ வாசனையோ சேர்க்காதது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: ஸ்ட்ரெயிட் போர்பன் 4 வருடத்துக்குக் குறைந்ததாக இருந்தால் வயதை லேபலில் போட்டே ஆக வேண்டும். ஆகவே 'ஸ்ட்ரெயிட்' என்று எழுதி, வயது எங்கும் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது குறைந்தது 4 வருடச் சரக்கு. வயது போட்டிருந்தால் அது போத்தலில் உள்ளவற்றில் மிக இளையதன் வயது.

'பொட்டில்ட் இன் பொண்ட்' 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. கலப்படக்காரர் மலிந்திருந்த காலத்தில், அரசாங்க மேற்பார்வையில் இருந்த சரக்கு என்று வாங்குபவருக்கு உறுதி கொடுக்க அந்தச் சட்டம் வந்தது. ஒரே வடிசாலை, ஒரே வடிப்புப் பருவம், குறைந்தது 4 வருடம், சரியாக 50% மதுசாரம். இந்தச் சொல்லைக் கண்டால், நிறுவனத்தின் பெயர் தெரியாவிட்டாலும் துணிந்து எடுக்கலாம். எங்களைக் கேட்டால், லேபலில் இருக்கக்கூடிய ஆகப் பயனுள்ள சொல் இதுதான்.

'ஸ்மோல் பாச்' என்பதற்குச் சட்ட வரையறை கிடையாது. பத்துப் பீப்பாவும் ஆகலாம், இருநூறும் ஆகலாம். அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 'சிங்கிள் பரல்' என்றால் ஒரே பீப்பாவிலிருந்து நிரப்பியது. அதனால் ஒரு போத்தலுக்கும் அடுத்த போத்தலுக்கும் ருசி மாறலாம்.

தேன், ஆப்பிள், செர்ரி என்று ஏதாவது எழுதியிருந்தால் அது வாசனையூட்டிய பானம். மதுசாரமும் பெரும்பாலும் 35% அளவில்தான் இருக்கும். அதே நிறுவனம், அதே வடிவப் போத்தல், பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். அவசரத்தில் மாறி எடுப்பது இங்கேதான்.

கடைசியாக மதுசார எண்ணை வாசியுங்கள். ஒரே பெயர் நாட்டுக்கு நாடு வேறு அளவில் வரும். வுட்ஃபோர்ட் ரிசர்வ் அமெரிக்காவில் 45.2%, ஐரோப்பாவுக்கு 43.2%. எங்கோ படித்த எண் முக்கியமில்லை, கையில் இருக்கும் போத்தலில் என்ன போட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. 'ப்ரூஃப்' என்று மட்டும் இருந்தால் அதைப் பாதியாக்குங்கள். 90 ப்ரூஃப் என்றால் 45%.

கேள்வி (பாலையூற்று வாசகர்): வயது கூடக் கூட நல்லதுதானே?

பதில்: ஸ்கொட்ச்சுக்குப் பழகிய கண்ணோடு போர்பனின் வயதைப் பார்க்கக்கூடாது. பீப்பா புதியது, கருக்கியது. கென்டக்கியின் கோடையும் கடுமையானது. அதனால் மரத்தின் ருசி விஸ்கிக்குள் வேகமாக இறங்கும். 4 முதல் 10 வருடத்துக்குள் பெரும்பாலானவை நல்ல பதத்துக்கு வந்துவிடும். 15, 18 என்று போகும்போது மரக் கசப்பு மேலோங்கும் அபாயமும் கூடும். வயதுக்காகக் கொடுக்கும் காசை மதுசார அளவுக்குக் கொடுங்கள்.

கேள்வி (நிலாவெளி வாசகர்): திறந்து எட்டு மாதமான போத்தலில் வாசம் மங்கிவிட்டது. இன்னொரு போத்தலின் தக்கை திறக்கும்போதே உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. வீடு கடலுக்குப் பக்கம். வெக்கைதான் காரணமா?

பதில்: வெக்கை பாதி, காற்று பாதி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை, சீற் கூரை வீடுகளில் பகலில் உள்ளறையே அனலாகக் கிடக்கும். சூட்டில் போத்தலுக்குள் இருக்கும் ஆவி விரிந்து தக்கையைத் தள்ளும், இரவில் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். போத்தல் இப்படித் தினமும் மூச்சு விட்டால் வாசம்தான் முதலில் போகும். பாதி காலியான போத்தலில் இது இன்னும் வேகம், உள்ளே காற்று கூடவாக இருக்கிறதே.

வைக்கத் தோதான இடம் உள்ளறை அலுமாரியின் அடித்தட்டு. மேற்கு வெயில் படும் சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வேண்டாம். அதன் பின்புறம் எந்நேரமும் சூடு. வாகனத்துக்குள் ஒரு மத்தியானம்கூட விடாதீர்கள். வெயில் நேரே பட்டால் நிறமும் ருசியும் வெளுக்கும். போத்தல் அட்டைப் பெட்டியோடு வந்திருந்தால் பெட்டியை எறியாமல் அதற்குள்ளேயே வையுங்கள்.

வைன் போத்தலைப் போலப் படுக்க வைக்கக்கூடாது. 40%க்கு மேற்பட்ட மதுசாரம் தக்கையைத் தொட்டபடியே கிடந்தால் அதை அரித்துவிடும், தக்கை ருசி விஸ்கிக்குள் இறங்கும். நிமிர்த்தியே வைத்தால் தக்கை காய்ந்து உடையும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழக்கம்: மாதம் ஒருமுறை போத்தலைச் சரித்து, நாலைந்து விநாடி தக்கையை நனைத்துவிட்டு நிமிர்த்துங்கள். திறக்கும்போது நேரே இழுக்காமல், தக்கையைப் பிடித்துக்கொண்டு போத்தலை மெதுவாகத் திருகுங்கள்.

உடைந்த தக்கை உள்ளே விழுந்ததால் விஸ்கி கெட்டுப்போகவில்லை. கோப்பி வடிக்கும் தாளிலோ, சோப்பு வாசம் இல்லாத மெல்லிய பருத்தித் துணியிலோ வடித்து வேறு கண்ணாடிப் போத்தலில் விடுங்கள். முடிந்த போத்தல்களின் நல்ல தக்கை ஒன்றிரண்டை எடுத்து வைத்திருந்தால் இந்த நேரத்தில் கைகொடுக்கும்.

அரைப் போத்தலுக்கு மேல் இருக்கும்வரை, வைப்பு சரியாக இருந்தால் ஒரு வருடம் பயமில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் இரண்டு மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். முடியாதென்றால் 180 மி.லீ. கால் போத்தலுக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். பழைய சாராயப் போத்தலைப் பாவிப்பதானால் சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் விட்டுக் கழுவி, இரண்டு நாள் கவிழ்த்துக் காய வையுங்கள். மூடியின் உட்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், வாசம் ஒளிந்திருப்பது அங்கேதான். பிளாஸ்டிக் போத்தல் கூடாது.

கேள்வி (டொக்யார்ட் வீதி வாசகர்): தண்ணீர் விட்டால் விஸ்கி கெட்டுவிடும் என்கிறார்கள். ஐஸ் போட்டால் சிலது கலங்கிவிடுகிறது. போலியா?

பதில்: கலங்குவது போலி என்பதன் அடையாளம் அல்ல. குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் உள்ள கொழுப்பு அமிலச் சேர்மங்கள் குளிரில் திரளும். சூடு ஏறினால் தெளிந்துவிடும்.

தண்ணீரைக் கணக்குப் பார்த்து விடுங்கள். 50% விஸ்கி 30 மி.லீ.க்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லீ., தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 43%க்கு இறங்கும். மூக்கைக் குத்தும் காரம் தணிந்து வாசம் விரியும். 45% என்றால் அரைத் தேக்கரண்டி. 40% போத்தலுக்கு அதே ஒரு தேக்கரண்டி விட்டால் 34%க்குப் போய்விடும், அதற்குப் பிறகு குடிப்பது சாயத் தண்ணீர்தான். நமது ஊரில் அறைச் சூடே 30 பாகையைத் தொடுவதால் மதுசார ஆவி முதலில் எழும்பி மற்ற வாசங்களை மறைக்கும். அதனால் ஒரு பெரிய ஐஸ் கட்டி போடுவது இங்கே சரியான வேலைதான். சின்னக் கட்டிகள் நாலு போட்டால் குளிருமுன்னே கரைந்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கரையோரக் கிணறுகளில் உவர் இருக்கும், குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இருக்கும். இரண்டும் போர்பனின் வனிலா வாசத்தை அமுக்கிவிடும். கொதித்து ஆறிய தண்ணீரையோ போத்தல் தண்ணீரையோ எடுங்கள், ஐஸுக்கும் அதுவே. மீன் வைக்கும் ஐஸ் கட்டியை உடைத்துக் கிளாஸில் போடுவது ஒருபோதும் கூடாது. அது குடிப்பதற்கென்று செய்த ஐஸ் அல்ல.

கேள்வி (மூதூர் வாசகர்): வெளிநாட்டுப் போத்தல் பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எப்படிச் சோதிப்பது?

பதில்: வாங்காதீர்கள். வரி கட்டி வந்த போத்தலைப் பாதி விலைக்கு யாராலும் கொடுக்க முடியாது.

உரிமம் உள்ள கடையிலும் கண்ணை ஓட்டுங்கள். மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் கிழியாமல், ஒட்டியெடுத்த தடம் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரே வகைப் போத்தல் இரண்டை அருகருகே பிடித்தால் விஸ்கி நிற்கும் மட்டம் ஒன்றாக இருக்கும். மூடி வளையம் அறாமல் இருக்க வேண்டும். மேக்கர்ஸ் மார்க் என்றால் சிவப்பு மெழுகு வழிந்து இறுகியிருக்கும். வழியும் கோலம் போத்தலுக்குப் போத்தல் மாறும், அது குறையல்ல. ஆனால் மெழுகு வெட்டி ஒட்டியதுபோல் இருக்கக்கூடாது. எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, கோணலாக ஒட்டிய லேபல் ஒன்றையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

உள்ளே கசிப்போ, மெதனோல் என்ற நச்சு மதுசாரமோ கலந்திருந்தால் மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. பற்றவைத்து நீலச் சுவாலை பார்ப்பதும் பயனற்றது. குடித்துப் பல மணித்தியாலம் கழித்து, சில வேளை அடுத்த நாள், பார்வை மங்குதல், கண்ணில் வெண்பனி படர்ந்தது போலிருத்தல், கடும் தலையிடி, வாந்தி, மூச்சு வாங்குதல் வந்தால் வெறி முறிகிறது என்று படுத்துவிடக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன குடித்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாற்று மருந்து உண்டு. நேரம் போனால் கண் போகும், உயிரும் போகும்.

உங்கள் காலிப் போத்தலை முழு லேபலோடு வெளியே போடாதீர்கள். லேபலைக் கீறிவிட்டுப் போடுங்கள். போலி நிரப்புபவருக்கு வேண்டியது அந்தப் போத்தல்தான்.

கேள்வி (உவர்மலை வாசகி): லண்டனிலிருந்து அண்ணா வருகிறார். என் கணவருக்கு ஒரு நல்ல போர்பன் கொண்டுவரச் சொல்ல வேண்டும். என்ன எழுதி அனுப்புவது?

பதில்: இங்கே எட்டாததைக் கேளுங்கள். ஜிம் பீம் வெள்ளை லேபலைக் கடல் தாண்டிச் சுமப்பது வீண். வைல்ட் டர்க்கி 101 என்று எழுதுங்கள், 50.5%. '101' என்ற எண்ணை அழுத்திச் சொல்லுங்கள், அதே பெயரில் மெலிந்ததும் உண்டு. அது அகப்படாவிட்டால் ஃபோர் ரோசஸ் சிங்கிள் பரல், 50%. காரம் ஆகாதவர் என்றால் மேக்கர்ஸ் மார்க், அதுவும் உங்கள் பக்கத்துக் கடையில் இல்லாவிட்டால் மட்டும்.

டோஹா, துபாய் போன்ற இடங்களில் விமானம் மாறுவதானால், டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய போத்தல் முத்திரையிட்ட பையிலேயே ரசீதோடு இருக்க வேண்டும், வீடு சேரும்வரை பிரிக்கக்கூடாது. வெளிக் கடையில் வாங்கியதைக் கைப்பையில் கொண்டுவர நினைக்க வேண்டாம். பெரிய பெட்டியில் போட வேண்டும். 24 முதல் 70% வரையான மதுசாரம் ஒருவருக்கு மொத்தம் 5 லீற்றர் வரைதான் விமானத்தில் ஏற்றலாம், அதுவும் கடையில் அடைத்த முத்திரை உடையாமல். இலங்கைச் சுங்கத்தின் தீர்வையற்ற அளவு இதற்கு வேறானது, அதை அண்ணா புறப்படுமுன் பார்த்துக்கொள்ளட்டும். போத்தலைப் பொலித்தீன் பைக்குள் இட்டு, சறத்தில் சுற்றி, பெட்டியின் நட்டநடுவில் வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வைத்தால் அடி நேரே போத்தலில் விழும்.

கேள்வி (அன்புவழிபுரம் வாசகர்): போர்பனே கிடைக்காத நேரத்தில் விஸ்கியோடு சீனியும் பிற்றர்ஸும் சேர்க்கும் 'ஓல்ட் ஃபஷன்ட்' கலக்க எதைப் பாவிக்கலாம்?

பதில்: மலிவான கலப்பு விஸ்கியை விட நல்ல பழைய தென்னஞ்சாராயம் மேல். நூற்றுக்கு நூறு தென்னங்கள்ளில் வடித்தது என்று லேபலில் இருப்பதைத் தேடுங்கள். மலிவான வகைகளில் வேறு மதுசாரம் கலந்திருக்கும்.

இலங்கையில் சாராயம் ஊறவைக்கப் பேர்போன மரம் சிங்களத்தில் ஹல்மில்ல, தமிழில் சாவண்டலை. ஆங்கில மர வணிகத்தில் அதற்குப் பெயரே 'ட்ரிங்கோமலி வுட்', நம் ஊர்ப் பெயர். கருக்கிய ஓக் அல்லவென்பதால் அந்தச் சாராயத்தில் போர்பனின் வனிலாவும் கருகல் சீனி வாசமும் வராது; பூவும் பழமும் கலந்த வாசம்தான் இருக்கும். இனிப்பைத் தெரியும்போது இதை மனதில் வையுங்கள். வெள்ளைச் சீனி சாராயத்துக்கு ஒன்றும் சேர்க்காது. பனங்கட்டி அந்தக் குறையை ஓரளவு நிரப்பும்.

பனங்கட்டி 100 கிராமை 100 மி.லீ. தண்ணீரில் மெல்லிய நெருப்பில் கரைத்து வடித்துக்கொள்ளுங்கள். வடிக்காவிட்டால் மண் பல்லில் கடிபடும். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். பிற்றர்ஸ் என்ற கசப்பு வாசனைச் சாறு கிடைக்காவிட்டால் 100 மி.லீ. சாராயத்தில் ஒரு அங்குலக் கறுவாப் பட்டையும் இரண்டு கராம்பும் போட்டு மூன்று நாள் ஊறவைத்து வடியுங்கள். கராம்பு கூடினால் பல்வலி மருந்து வாசம் வந்துவிடும்.

கிளாஸில் பாணி ஒரு தேக்கரண்டி, கறுவாச் சாறு ஐந்தாறு துளி, சாராயம் 60 மி.லீ., பெரிய ஐஸ் கட்டி ஒன்று. முப்பது விநாடி கலக்குங்கள். தோடம்பழத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் மெல்லியதாகச் சீவி, கிளாஸுக்கு மேலே பிழிந்து உள்ளே போடுங்கள். சாராயம் பெரும்பாலும் 40%க்குக் கீழே இருப்பதால் போர்பனுக்குக் கலக்கும் நேரம் கலக்கினால் நீர்த்துவிடும். தித்திப்பு மிஞ்சினால் சாராயத்தைக் கூட்ட வேண்டாம், அடுத்த தடவை பாணியை அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள்.